தகரக் கூரையும் கம்ப்யூட்டர் படமும்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் கதையை எல்லாரும் எழுதுவாங்க, நீ தொழில் சம்பந்தமா ஏதாவது எழுதுடா" என்று கட்டளையிட்டார். என் தொழிலில் என்னைத் தலைகுனிய வைத்த ஒரே விஷயம் தகரக் கூரை. அதையே எழுதுகிறேன், நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.

தட்டையான இரும்புத் தகட்டை இரண்டு முனைகளில் தாங்கினால் நடுவில் தொய்ந்து போகும். அதையே அலை அலையாக மடித்துவிட்டால் விறைத்து நிற்கும். லண்டன் துறைமுகக் கம்பெனியின் இன்ஜினீயர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இரும்பு துருப்பிடிக்குமே? 1837-ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல் என்பவர் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் ஜி.ஐ. ஷீட் என்று சொல்லும் பொருள். ரயில்வே ஷெட், நெல் குடோன், டூரிங் டாக்கீஸ் எல்லாவற்றுக்கும் தலைக்கு மேல் நின்றது இதுதான்.

நமது டிராயிங் ஹாலில் இதை எப்படி வரைந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? யாரும் அலையை வரையவில்லை. மினி டிராஃப்டரை வைத்து இணைகோடுகள் நாலு இழுத்து, அம்புக்குறி போட்டு, "24 கேஜ் ஜி.சி.ஐ. ஷீட், லேப் 6 அங்குலம்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனோம். படம் மொட்டையாக இருந்தாலும் செய்தி முழுசாக இருந்தது. மீதியை ஷீட் போடுகிறவர் பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் எவ்வளவு விவேகம் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

கம்ப்யூட்டர் வந்தது. கதையின் மறுபாதி அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1974-ல் எட்வின் கேட்மல், கம்ப்யூட்டரில் வரைந்த பரப்பின்மேல் ஒரு படத்தை ஒட்டும் வித்தையைத் தன் ஆராய்ச்சியில் எழுதினார். 1978-ல் ஜிம் பிளின், பரப்பைத் தொடாமலே வெளிச்சம் விழும் கணக்கை மட்டும் மாற்றி, மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டினார். இதற்கு பம்ப் மேப்பிங் என்று பெயர். உள்ளே தட்டைப் பலகைதான், கண்ணுக்கு மட்டும் அலை! ஓரத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜத் தகரத்தின் இறவாணம் நெளிநெளியாக இருக்கும். இதில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோடு. பரப்பையே நிஜமாக நகர்த்தும் முறையை ராபர்ட் குக் 1984-ல் எழுதினார். ஆனால் அதைக் கணக்கிட நம் ஆபீஸ் மெஷின்கள் ராத்திரி முழுக்க முனகும்.

2003-ல் ஒரு நெல் குடோனுக்கு 3டி ஸ்டுடியோ மேக்ஸில் படம் செய்தேன். தகரக் கூரையை போட்டோ எடுத்து ஒட்டி, பம்ப் போட்டு, போல்ட் இருக்கட்டுமே என்று வரிசையாகப் புள்ளிகள் வைத்தேன். அழகாக இருந்தது. எங்களிடம் வழக்கமாக ஷீட் வேலை செய்யும் மேஸ்திரி பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், போல்ட்டைப் பள்ளத்துல வச்சிருக்கீங்க. மேட்டுல இல்ல இருக்கணும்?" என்றார். "படம்தானே மேஸ்திரி" என்றேன்.

வேலை வேறு ஆட்களுக்குப் போனது. முதலாளி அந்தப் படத்தைச் சைட்டிலேயே மாட்டி, "இதே மாதிரி வேணும்" என்றுவிட்டார். பையன்களுக்கும் பள்ளத்தில் ஸ்க்ரூ இறக்குவது சுலபம். அங்கேதான் ஷீட் பர்லின்மேல் படிந்து உட்காருகிறது. மேட்டில் போட்டால் கொஞ்சம் கூட முறுக்கினாலும் அலை அமுங்கிவிடும், பதம் தெரிய வேண்டும். ஆனால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில் அல்லவா? வெயிலில் வாஷர் இறுகியது. அடுத்த வருஷ ஐப்பசி மழையில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய் ஆனது. நனைந்த மூட்டைகள் முளைவிட்டிருந்தன. முதலாளி என்னைத் திட்டவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் தகரத்தை ஒட்டுவதில்லை. 3 அங்குலத்துக்கு ஓர் அலை, ஆழம் முக்கால் அங்குலம் என்று குறுக்குவெட்டை வரைந்து, சரிவின் நீளத்துக்கு இழுத்து, ஒரே ஒரு ஷீட் செய்கிறேன். (அலையைப் பெரிதாக்கினால் குடோன் பொம்மை வீடாகிவிடும்.) பிறகு நிஜத்தில் போடுவது போலவே கீழிருந்து மேலாக அடுக்குகிறேன். மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் அரை அடி ஏற வேண்டும். பக்க லேப்பின் வாய் காற்றடிக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. இப்படிச் செய்தால் நிழல் தானாகவே சரியாக விழுகிறது. படம் நிஜம் மாதிரி இருக்கிறது என்று ஜூனியர் பையன்கள் மெச்சுகிறார்கள்.

அந்தக் குடோனைச் சரிசெய்யக் கூப்பிட்டது பழைய மேஸ்திரியைத்தான். ஷீட்டையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. புது மாடலைக் கம்ப்யூட்டரிலேயே அவருக்குச் சுற்றிக் காட்டினேன். போல்ட்டை எண்ணினார், லேப்பைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு முகட்டுத் தகட்டின் ஓரத்தை விரலால் தொட்டார். நேராக விட்டிருந்தேன், அதற்கும் அலைப் பள்ளங்களுக்கும் நடுவே வரிசையாக இடைவெளி.

"இத அலைக்குத் தக்கபடி வெட்டி மடக்கணும் சார். குருவிக்கு வாசல் வச்சு விட்டிருக்கீங்க."