சிறுநீரகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின்: இரத்தப் பரிசோதனைகள் உணர்த்துவது என்ன?

சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டி அகற்றப்பட்ட பின்னர், நோய் மீண்டும் வருமா என்ற கேள்வி நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் எழுவது இயல்பு. இதனை உறுதியாக முன்கூட்டியே கூறும் தனியொரு இரத்தப் பரிசோதனை தற்போது நடைமுறையில் இல்லை.

எதைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது?

அகற்றப்பட்ட கட்டியின் திசு ஆய்வறிக்கையே முதன்மை ஆதாரமாகும். கட்டியின் அளவு, பரவல், நிணநீர்க் கணுக்களின் நிலை, புற்றணுக்களின் தரநிலை (1 முதல் 4 வரை) ஆகியவை இதில் இடம்பெறும்.

இரத்தப் பரிசோதனைகளின் பங்கு

• சி.ஆர்.பி.: அறுவைச் சிகிச்சைக்கு முன் இதன் அளவு உயர்ந்திருந்தவர்களுக்கு நோய் மீளும் வாய்ப்பு கூடுதல் என ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் காய்ச்சல், புண், காசநோய் ஆகியவற்றாலும் இது உயரும்.

• ஹீமோகுளோபின், நியூட்ரோபில், தட்டணுக்கள், கால்சியம்: நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியவர்களின் இடர்நிலையை மதிப்பிட இவை உதவுகின்றன. ஹீமோகுளோபின் இரும்புச்சத்துக் குறைவாலும் குறையலாம்.

• கிரியேட்டினின்: எஞ்சியுள்ள சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும், புற்றுநோய் மீண்டுள்ளதா என்பதைக் காட்டாது.

• கிம்-1: நம்பிக்கையளிக்கும் புதிய குறியீடு, இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

ஸ்கேன் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்

வெள்ளிமலை உள்ளிட்ட கல்வராயன் மலைப் பகுதிகளில் வசிப்போர், அருகில் எடுத்த இரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதால் மலையிறங்கிச் செல்லும் பயணம் தேவையில்லை எனக் கருதக்கூடும். அவ்வாறு கருத வேண்டாம். இந்நோய் பெரும்பாலும் நுரையீரலில் மீண்டும் தோன்றுகிறது. தொடக்கத்தில் அறிகுறி ஏதும் இல்லாமலும் இருக்கலாம். அந்நிலையிலேயே அதனைக் கண்டறிய ஸ்கேன் தேவை. மருத்துவர் குறித்த நாள்களில் தவறாது செல்லுங்கள்.

செல்லும்போது திசு ஆய்வறிக்கை, முந்தைய ஸ்கேன் படங்கள், அண்மைய கிரியேட்டினின் அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் அகற்றப்பட்டிருப்பதை ஸ்கேன் பணியாளரிடம் முன்னரே தெரிவியுங்கள். மருத்துவர் ஆலோசனையின்றி வலி நிவாரணி மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம்.

சிறுநீரில் இரத்தம், தொடர் இருமல், எலும்பு வலி, காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை தோன்றினால் குறித்த நாள் வரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி குறித்துச் சிறுவங்கூரிலுள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டறியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.