யாஸ்மினின் ஈப்போ

ஈப்போவில் திருட்டு விசிடி விற்கும் சீனப் பையன் ஜேசன். நடிகர் தாக்கேஷி கனேஷிரோமீது பைத்தியமாக இருக்கும் மலாய்ப் பெண் ஓர்க்கெட் அவன் கடைக்கு வருகிறாள். பார்த்ததும் காதல். 2005இல் மலேசியாவில் திரையிடப்பட்ட 'செப்பெட்' கேலியும் கிண்டலுமாக ஓடிக் கண்ணீரில் முடியும் படம்.

எழுதி இயக்கிய யாஸ்மின் அமாட், 1958இல் ஜொகூர் மூவாரில் பிறந்தவர். பெட்ரோனாசுக்கு எடுத்த பண்டிகை விளம்பரங்களால் வீடுதோறும் அறிமுகமானவர். தோக்கியோ விழா 'செப்பெட்'டைச் சிறந்த ஆசியப் படமாகத் தேர்ந்தது. உள்ளூரிலோ தணிக்கை கத்தரி போட்டது. மறுவருடம் அரசுத் தொலைக்காட்சி, இவர் படங்கள் பண்பாட்டைக் கெடுக்கின்றனவா என்று விவாதமே நடத்தியது.

'செப்பெட்' நடக்கும் ஈப்போ ஈயத்தால் செழித்த ஊர். 1985இல் ஈய விலை சரிந்ததும் இளையோர் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். பழைய கடைவீடுகள் பல இடிபடாமல் நின்றன. பணம் போனதால் தப்பிய அழகு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துத் தமிழர் பலருக்குப் பட்டணம் வேறு வழியில் வாய்த்தது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறின. லயங்களை விட்டவர்கள் பட்டணத்து ஓரங்களில் ஒண்டினார்கள்.

அந்தத் தமிழ் வீடு யாஸ்மினின் காதல் கதைக்கு நடுவே வந்தது 2009 மார்ச்சில், 'தேலன்டைம்' படத்தில். பள்ளிப் பாட்டுப் போட்டியில் பாடும் மெலூரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போகும் மகேஷுக்குக் காது கேட்காது. அவன் மாமா, கல்யாண நாளன்று, பக்கத்து வீட்டுச் சாவோடு மூண்ட தகராறில் கொல்லப்படுகிறார். 2001இல் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்டு ஆறு உயிர்களைப் பறித்த கம்போங் மேடான் கலவரம் தமிழ் ரசிகனுக்கு இங்கே நினைவுக்கு வராமல் இராது. அங்கும் பேச்சில் அடிபட்டவை ஒரு கல்யாணமும் ஒரு சாவும்தான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த படம் மகேஷின் அம்மா அழும்போது வேறு படமாகிவிடுகிறது. யாஸ்மினின் ஆகச் சிறந்த இடம் அதுவே. தமிழ் வீட்டுச் சோகத்துக்கு இந்திப் பாட்டு வைத்ததில் மட்டும் நமக்கு மனத்தாங்கல்.

படம் வந்த 2009இலேயே, ஜூலை 25 அன்று, 51 வயதில், யாஸ்மின் காலமானார். 2014இல் ஈப்போ கொங் ஹெங்கில் அவருக்கு நினைவுக் காட்சியகம் திறந்தார்கள். மறுவருடம் சஞ்சய் குமார் பெருமாள், தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்தைத் தமிழிலேயே பேசவைத்து 'ஜகாட்' எடுத்தார். காதலுக்கு அதில் பெரிய இடமில்லை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வானது.