பாசன வடிநீரை எங்கே அளப்பது? கலிபோர்னிய விதிமுறைகளை முன்வைத்து

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தூய நீர்ச் சட்டம் 1972இல் நிறைவேறியது. ஐந்தே ஆண்டுகளில், 1977ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, பாசன வயல்களிலிருந்து திரும்பி வரும் நீர் அச்சட்டத்தின் உரிம ஏற்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. எஞ்சிய பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது. கலிபோர்னியாவிடம் அதற்கான சட்டம் முன்பே இருந்தது. 1969ஆம் ஆண்டின் போர்ட்டர்–கொலோன் சட்டம் ஆற்று நீரோடு நிலத்தடி நீரையும் சேர்த்தே காக்கிறது. இருந்தும், மத்தியப் பள்ளத்தாக்கின் மண்டல நீர்த்தர வாரியம் 1982இல் வயல் வடிநீருக்கு விலக்கு அளித்தது. 1999இல் சட்டமன்றம் இத்தகைய பழைய விலக்குகளுக்குக் கெடு வைத்த பிறகே, 2003இல் மத்தியப் பள்ளத்தாக்கிலும் 2004இல் மத்தியக் கடற்கரையிலும் நிபந்தனைகளோடு கூடிய ஏற்பாடுகள் வந்தன.

அந்த நிபந்தனைகளில் பெரும்பகுதி காகிதம் சார்ந்தது: பதிவு, பண்ணைத் திட்டம், ஆண்டறிக்கை. உழவர்கள் தனித்தனியே வாரியத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. வட்டாரக் கூட்டமைப்பில் சேர்ந்தால் போதும். கூட்டமைப்பு ஓடைகளில் மாதிரி எடுக்கும். பூச்சிக்கொல்லியின் நச்சுத்தன்மையை அறிய நுண்ணிய நீர்ப்பூச்சிகளை அந்த நீரில் விட்டுப் பார்ப்பார்கள். ஒரே இடத்தில் மூன்றாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரம்பு மீறினால் மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். மீறல் யாருடைய வயலிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் தெரியவராது. கூட்டமைப்பு முறையைக் குறை கூறுவோர் சுட்டுவது இந்த இடத்தைத்தான். ஆனால் கோளாறு கூட்டாகச் செயல்படுவதில் இல்லை என்பது என் வாதம். கூட்டின் மேல் ஓர் எண்ணும், அதை மீறினால் ஒரு செலவும் சுமத்தப்படுகின்றனவா என்பதே கேள்வி.

இதற்குச் சான்று மத்தியப் பள்ளத்தாக்கின் மேற்குக் கரையில் இருக்கிறது. கடல்படிவுப் பாறைகளிலிருந்து உருவான அந்த மண்ணில் இயல்பாகவே செலினியம் உண்டு. அடியில் களிமண் படுகை இருப்பதால் பாசன நீர் இறங்காமல் வேர் மட்டத்துக்கு உப்போடு ஏறுகிறது. அதை வடிக்க நிலத்தடியில் துளைக்குழாய்கள் பதித்தார்கள். வடிந்த நீர் சான் லூயிஸ் வடிகால் வழியாகக் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் சேர்ந்தது. 1983இல் அங்கே உருக்குலைந்த பறவைக் குஞ்சுகள் கண்டெடுக்கப்பட்டன. 1986இல் வடிகால் மூடப்பட்டது.

பத்தாண்டு கழித்து, 1996இல், அந்த வடிகாலின் ஒரு பகுதியைக் கிராஸ்லாண்ட் வட்டாரப் பாசன, வடிகால் மாவட்டங்கள் அனுமதியோடு மீண்டும் பயன்படுத்தத் தொடங்கின. நிபந்தனை கடுமையானது. வட்டாரம் முழுமைக்கும் செலினியத்துக்கு மாத வரம்பு, ஆண்டு வரம்பு, மீறினால் கட்டணம். வரம்புகள் ஆண்டுக்காண்டு இறங்கின. வடிகால் ஒன்றே என்பதால் அளப்பதில் தகராறுக்கு இடமில்லை. எந்த வயலில் என்ன செய்ய வேண்டும் என்று அரசு சொல்லவில்லை. மாவட்டங்கள் வரம்பைத் தமக்குள் பங்கிட்டன. சில காலம் பங்குகளை விற்றும் வாங்கியும் கொண்டன. வடிநீரை மறுபடி பாசனத்தில் கலந்தார்கள்; உப்பைத் தாங்கும் புல்வகைகளை ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்த்து அவற்றுக்குப் பாய்ச்சினார்கள். தொடக்க ஆண்டுகளில் பெருமழையால் வரம்பு மீறியதும் உண்டு. ஆயினும் இரண்டு பத்தாண்டுகளில் வடிகால் வழியே ஆற்றுக்குப் போன செலினியம் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்தது. எந்த உழவரின் பெயரும் வெளியிடப்படாமலே இது நடந்தது.

மத்தியக் கடற்கரையின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் இந்த வழி நேரடியாகச் செல்லாது. கீரைக்கோசும் ஸ்ட்ராபெரியும் விளையும் அங்கே முதன்மையான சிக்கல் நைட்ரேட். அது பெரிதும் வாய்க்காலில் ஓடுவதில்லை, மண்ணுக்குள் இறங்குகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, சாலினாஸிலும் துலாரே ஏரிப் படுகையிலும் நிலத்தடி நைட்ரேட்டில் 96 விழுக்காடு பயிர் நிலங்களிலிருந்து வருவதாகக் கணித்தது. சொட்டுநீருக்கு மாறிய பண்ணையில் கடைமடையில் நீரே வராது. ஓடை மாதிரி சுத்தமாக இருக்கும். குழாய் வழியே தழைச்சத்தைத் தேவைக்கு மிஞ்சி விட்டால் அது கிணற்றில் போய்ச் சேரும். மேல்நீரை மட்டும் அளக்கும் விதியின்படி அந்தப் பண்ணையின் உழவர் இணங்கியவரே!

எனவே இங்கே அளக்கக்கூடியது கணக்கு மட்டும்தான்: வயலில் இட்ட தழைச்சத்திலிருந்து விளைச்சலோடு வெளியேறியதைக் கழித்த மீதி. கிணற்று நீரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட்–தழைச்சத்து உள்ள நீர், அதாவது குடிநீர் வரம்பைப் போல் இரு மடங்கு, ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் பாய்ந்தால் சுமார் 54 பவுண்டு தழைச்சத்தை இலவசமாகக் கொடுக்கிறது. உர மூட்டையை மட்டும் எண்ணுவோர் கண்ணில் இது படுவதில்லை.

மத்தியக் கடற்கரை வாரியம் 2021இல் பிறப்பித்த ஆணை இந்த மீதிக்கு வரம்பு வைத்தது. அது படிப்படியாக இறங்கி 2051க்குள் ஏக்கருக்கு 50 பவுண்டை எட்ட வேண்டும். உழவர் தரப்பின் எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. ஆண்டில் இரண்டு போகம் கீரை, பிராக்கோலி பயிரிடும் நிலத்தில் மடிந்த இலைதழையே பெருமளவு தழைச்சத்தை மண்ணுக்குத் திருப்புகிறது. கிணற்றில் இன்று காணும் நைட்ரேட் முந்தைய தலைமுறை இட்ட உரமாகவும் இருக்கலாம். 2023இல் மண்டல வாரியங்களுக்கு மேலுள்ள மாநில வாரியம் அந்த எண் வரம்புகளை நீக்கி, நிபுணர் குழுவிடம் கேட்க முடிவு செய்தது. வரம்பு மிகக் கடுமையானது என்றால் தளர்த்தியிருக்கலாம். நீக்கியதால் கணக்குக் கொடுப்பதே இணக்கம் என்ற பழைய நிலை திரும்புகிறது.

மத்தியப் பள்ளத்தாக்கில் வேறொரு முயற்சி நடக்கிறது. மாநில வாரியத்தின் 2018ஆம் ஆண்டு முன்மாதிரி ஆணையின்படி வயல்வாரித் தரவு பெயரின்றி வாரியத்துக்குப் போகிறது. 36 சதுர மைல் கட்டங்களுக்கு நிலத்தடி நீர்க்காப்பு இலக்குகளும் வகுக்கப்படுகின்றன. கிராஸ்லாண்ட் வடிகாலுக்கு ஈடாக நிலத்தடியில் கிடைக்கக்கூடிய அளவிடம் இந்தக் கட்டம்தான். ஆனால் கட்டம் இலக்கைத் தவறவிட்டால் யார் கட்டணம் கட்டுவது என்பது வரையறுக்கப்படவில்லை. அந்தக் கட்டணத்தை அங்குள்ள பண்ணைகள் தழைச்சத்து மீதியின் விகிதத்தில் ஏற்கவும், நைட்ரேட் கலந்த கிணறுகளை நம்பியிருக்கும் வீடுகளுக்கு மாற்றுக் குடிநீர் தர அது செலவாகவும் ஆணையிலேயே இடம் வைக்கலாம்.