ஸ்ரீமுஷ்ணத்து நிலத்தடிப் பாறைகளும் கடல்கோட் சான்றும்

திருமுட்டம் எனவும் வழங்கும் ஸ்ரீமுஷ்ணத்தில் திருமால் நிலமகளை மீட்ட ஏனமாக எழுந்தருளியுள்ளார். அண்மையில் யாம் மதிப்பிட நேர்ந்த முதுகலை ஆய்வேடு ஒன்று, இவ்வூர் வரலாற்றை நிலநூலோடு பொருத்திக் காட்ட முயன்றது. அரியலூர்ப் பக்கத்து நிலத்தில் கடற்சிப்பிகள் கல்லாய்க் கிடைக்கின்றன. ஆதலின் இந்நிலம் கடலுள் ஆழ்ந்து மீண்டது மெய். அந்நினைவே ஏன வடிவின் கதையாயிற்று. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோளுக்கும் இதுவே சான்று என்பது அவ்வேட்டின் முடிபு. தமிழாய்வாளர் பலர்க்கும் இத்தகைய கருத்தின்பால் ஒரு சாய்வு உண்டு. எமக்கும் ஒருகாலத்து இருந்தது. ஆகலின் இதனை ஈண்டுச் சற்று விரித்து ஆராய்வாம்.

பாறை நெருக்கப்படின் என்னாம்? ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் மிக்க இடத்தில், மெல்ல நெருக்கப்படும் பாறை முறியாது துணிபோல் மடியும். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக்கற் படலங்கள் அங்ஙனம் தொட்டி போல வளைந்தவை. மேற்பரப்பை அடுத்துக் குளிர்ந்து இறுகிய பாறையோ பிளந்து, பிளவின் இருபுறமும் ஒன்றற்கொன்று இடம் பெயரும். இதனைப் பெயர்ச்சிப் பிளவு என்போம். நெருக்கும் விசையாயின் ஒரு பக்கம் மற்றதன்மேல் ஏறும். இழுக்கும் விசையாயின் ஒரு பக்கம் சரிந்து தாழும். இரு பிளவுகட்கு நடுவே கிடந்த நிலம் தாழின் நெடும்பள்ளமும், தாழாது நிற்பின் மேடும் உண்டாகும். ஸ்ரீமுஷ்ணத்தின் அடியில் நிகழ்ந்தது இழுப்பால் வந்த இத்தாழ்வே.

இதனை அறிந்த வரலாறு நீண்டது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய கல்லுருக்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் இப்பாறைகளை எச். எஃப். பிளான்ஃபோர்டு முறையாக அளந்து 1862இல் எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவற்றை வகுத்தவர் அவரே. (பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் அவரே.) இவர்கள் கண்டது வெளிப்பட்ட பாறை மட்டுமே. வண்டலும் கடலூர் மணற்கல்லும் போர்த்த ஸ்ரீமுஷ்ணத்துச் சமவெளியின் அடியில் உள்ளதைக் காண எண்ணெய் தேடுவோரின் துளைகள் வேண்டியிருந்தன. காவிரிப் படுகையின் முதல் ஆழ்துளை 1964இல் காரைக்காலில் இடப்பட்டது. நிலத்துள் அதிர்வலைகளைச் செலுத்தி, அவை மீளும் நேரத்தை அளந்தும் அடித்தளத்தின் வடிவை வரைந்தனர்.

அவ்வரைவின்படி, வடகிழக்கு தென்மேற்காகச் செல்லும் பெயர்ச்சிப் பிளவுகள் இப்படுகையை வரிவரியாகப் பிரித்துள்ளன. ஸ்ரீமுஷ்ணம் அரியலூர் புதுச்சேரித் தாழ்வின் மேல் உள்ளது. அதன் கிழக்கே கும்பகோணம், மாதானம், பரங்கிப்பேட்டை எனச் செல்லும் மேடு. அதற்கும் கிழக்கே தரங்கம்பாடித் தாழ்வு. மாசிமகத்தன்று இவ்வூர்ப் பெருமாள் கிள்ளைக் கடலாடச் செல்லும் வழி, கண்ணுக்குத் தோன்றாத இத்தாழ்வைக் கடந்து பரங்கிப்பேட்டை மேட்டை அணுகுகின்றது. வழியிலோ ஒரு கல் ஏற்றமும் இல்லை. தாழ்வு முழுவதையும் கடலும் ஆறுகளும் கொணர்ந்த படிவுகள் நிரப்பிவிட்டன. அப்படிவுகட்கு நிலநூலார் இட்ட பெயர்கள் தமிழ் மாணவர்க்கு வியப்புத் தரும்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம். நம்மூர்ப் பெயர்கள் கோடியாண்டுப் பாறைக்கு ஆகி உலக நிலநூல் ஏடுகளில் வழங்குகின்றன.

இனி முடிபுக்கு வருவாம். இப்பிளவுகள் தோன்றியது இந்தியா அண்டார்க்டிகாவினின்று பிரிந்த காலத்தில். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகட்கு முன். அரியலூர்ச் சிப்பிகளை விட்டுச்சென்ற கடலும் 6 கோடி ஆண்டுகட்கும் மேற்பட்டது. மனிதவினம் தோன்றிச் சில இலக்கம் ஆண்டுகளே ஆயின. காணாதவர் நினைவு கொள்ளுதல் யாங்ஙனம்? அன்றியும், கதை கூறுவது நிலத்தின் ஏற்றம். பாறை கூறுவது முதலில் நிலத்தின் தாழ்வு. கடல் பின்வாங்கி நிலம் வெளிப்பட்டதும் உண்மையே. ஆயின் அது ஒருவர் வாழ்நாளில் கண்டறியத்தக்க நிகழ்ச்சியன்று. எனவே கல்லான சிப்பியைக் கடல்கோளுக்குச் சான்றாக்குதல் காலமயக்கம்.

இதனாற் கடல்கோட் செய்தி பொய்யென்பது எம் கருத்தன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவின் மேற்கே கடலடியில் நெருக்கத்தால் உண்டான பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளம் ஒரே வேளையிற் பெயர்ந்தது; எழுந்த அலை சில மணி நேரத்தில் கிள்ளைக் கடற்கரையிலும் ஏறி உயிர்களைக் கொண்டது. மக்கள் நினைவில் தங்கும் கடல்கோள் இத்தகையது. அதன் பழஞ்சுவட்டைத் தேடுவோர் கரையோர மண்ணில் கடல் விட்டுச்சென்ற மணற்படலத்தை நாடுக. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லை அன்று.

ஸ்ரீமுஷ்ணத்து நிலத்தடி நமக்கு உதவும் இடம் வேறொன்று உண்டு. கோயிலின் நாயக்கர் கால மண்டபத் தூண்கள் கல்லில் வடித்தவை. ஊரைச் சுற்றிய சமவெளியிலோ தூண் வடிக்கத் தகும் கருங்கல் வெளிப்படக் காணோம். அது பிளவுகளோடு தாழ்ந்து படிவுகளின்கீழ் ஆழத்தே கிடக்கின்றது. ஆதலின் கல் மேற்கே கருங்கல் நிலத்தினின்று வந்திருத்தல் வேண்டும். எக்குன்றினின்று, எவ்வழியே, எவர் செலவில் வந்தது என்பதைக் கல்லின் இயல்பையும் கல்வெட்டையும் ஒருங்கு வைத்து ஆராயலாம். முற்கூறிய ஆய்வேட்டின் மாணவர் இப்பணியை மேற்கொள்ள இசைந்துள்ளார்.