நகல் எடுத்தவர் கண்டது

ஆசானின் ஓவியத்தைப் பார்த்து வரைவது ஓவியம் கற்கும் வழியா, கையை மட்டும் பழக்கி மனத்தை மழுங்கடிக்கும் வழியா? 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இந்தக் கேள்வி சூடாகவே இருந்தது. லூவர் அரண்மனை 1793இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோதே, புரட்சி நாட்காட்டியின் பத்து நாள் வாரத்தில் ஐந்து நாட்கள் ஓவியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. பொதுமக்களுக்கு மூன்றே நாட்கள். நகல் எடுத்துப் பழக இடம் தருவதே லூவரின் முதல் வேலையாக இருந்தது. அங்கே 1853இல், 18 வயதில், நகல் எடுக்கப் பதிவு செய்துகொண்டவர் எட்கர் டெகா. பிற்காலத்தில் பாஸ்டல், பசைவண்ணம், எண்ணெய் வடித்த வண்ணம், கரி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே படத்தில் கலந்தவர் அவர். கலப்பு ஊடகத்தில் அவர் எடுத்துக்கொண்ட அந்தச் சுதந்திரத்துக்கு வேர், அவர் எடுத்த நகல்களில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

1860களின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைனின் 'ஆன் ஆஃப் கிளீவ்ஸ்' உருவப்படத்தை டெகா நகல் எடுத்தார். ஹோல்பைன் 1539இல் அதைத் தீட்டியது தோல்தாளின் மேல். டெகா எடுத்துக்கொண்டதோ துணியும் எண்ணெய் வண்ணமும். தளம் வேறாகிவிட்டால் மூலத்தின் பளபளப்பு தானாகக் கைக்கு வராது. நெற்றியின் ஒளியை எது தாங்குகிறது, கன்னத்தின் கோடு எங்கே அழுந்தி எங்கே கரைகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் முன்னேற வேண்டும். மற்ற ஓவியங்களை அவர் வெறும் பென்சிலில் குறிப்பேடுகளில் படியெடுத்தபோதும் இதுவே நடந்தது. வண்ணத்தை விட்டுவிட்டு வரைகிறவருக்கு ஓவியத்தின் எலும்புக்கூடு தெரிந்தே ஆக வேண்டும். எலும்பை அறிந்த கைதான் பிறகு மேலே எதையும் துணிந்து பூசும். 1879இல் அவர் வரைந்த, எழுத்தாளர் எட்மோன் துராந்தியின் உருவப்படத்தைப் பாருங்கள். பசைவண்ணத்தின் மேல் பாஸ்டல் கீற்றுகள். நெற்றியில் இளஞ்சிவப்பும் தாடியில் பச்சையும் இருப்பதை விமர்சகர் உய்ஸ்மான்ஸே அன்று எடுத்துக் காட்டினார். இத்தனை நிறம் தாறுமாறாக ஓடியும் அந்த முகம் குலையவில்லை. அடியில் நிற்கும் வரைவு அவ்வளவு உறுதியானது.

நகல் எடுப்பது அடிமைத்தனம் என்போர் கையில் வலுவான சான்று ஒன்று உண்டு. நுண்கலை இயக்குநராக இருந்த ஷார்ல் பிளாங்க், உலகப் பேரோவியங்களின் நகல்களை மட்டுமே கொண்ட ஓர் அருங்காட்சியகத்தை 1873இல் பாரிஸில் திறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அது மூடப்பட்டது. ஆனால் இது எதைக் காட்டுகிறது? மூலத்துக்குப் பதிலாகத் தொங்கவிடப்பட்ட நகல் தோற்றது. கேள்வி கேட்பதற்காக எடுத்த நகல் அங்கே சோதிக்கப்படவே இல்லை. லூவரில் இன்றும் மூலத்தின் அதே அளவில் நகல் எடுக்க அனுமதி கிடையாது. போலியைத் தடுக்க வந்த விதிதான். இருந்தாலும் கற்பவருக்கு அது நன்மையே செய்கிறது. அளவு மாறும்போது ஒவ்வொரு விகிதத்தையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பல ஊடகங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த படத்தில் நமக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டுமே. கீழே எது முதலில் வந்தது என்பதை எந்த நகலும் சொல்லாது என்பார்கள். உண்மைதான், கண்ணால் மட்டும் நகல் எடுத்தால் சொல்லாது. ஊகித்து, அதே வரிசையில் பூசிப் பார்த்தால் ஓரளவு சொல்லும். 1897இல் டெகா தம் நண்பரின் மகன் எர்னஸ்ட் ருவாரை லூவரில் இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவின் ஓவியத்தின் முன் உட்காரவைத்து, முதலில் பச்சை அடித்தளம் போடு, அதன்மேல் வெதுவெதுப்பான நிறங்களை ஏற்று என்று பழக்கினார். முடிந்த படத்துக்கு அடியில் இருந்திருக்கக்கூடிய வேலையை, மேலே தெரிவதிலிருந்து பின்னோக்கித் தேடும் பயிற்சி அது. கலப்பு ஊடகத்தில் உருவப்படம் கற்க வருகிறவர் முதலில் பழக வேண்டியதும் இந்தத் தேடலைத்தான். டெகாவும் அதே ஓவியத்தைத் தாமே நகல் எடுத்தார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். முதல் நகலுக்காக லூவரில் பெயர் எழுதி 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.