இலக்கிய நிரலாக்கம்

இலக்கிய நிரலாக்கம் என்பது கணினி நிரலொன்றை மனிதர் படிப்பதற்கான கட்டுரையாக எழுதி, அதனுள்ளேயே நிரல்வரிகளையும் அமைக்கும் மென்பொருள் உருவாக்க முறை ஆகும். அமெரிக்கக் கணினியியலாளர் டொனால்ட் குனுத் இதனை உருவாக்கி, 1984 ஆம் ஆண்டு "தி கம்ப்யூட்டர் ஜர்னல்" இதழில் விளக்கினார். நிரலைப் பிறருக்கு விளக்கி எழுத முற்படும்போது அதன் குறைகள் எழுதுபவருக்கே புலப்படுகின்றன என்பது இம்முறையின் முதன்மையான பயனாகும்.

செயல்முறை

குனுத் உருவாக்கிய "வெப்" என்னும் அமைப்பு இணையத்தைக் குறிக்கும் வெப்புக்கு முற்பட்டது. இதில் விளக்கவுரையும் பாஸ்கல் மொழி நிரலும் ஒரே கோப்பில் எழுதப்படும். "டாங்கிள்" என்னும் கருவி அக்கோப்பிலிருந்து கணினிக்கான நிரலைப் பிரித்தெடுக்கும். "வீவ்" என்னும் கருவி அச்சிடத்தக்க ஆவணத்தை உருவாக்கும். நிரலின் பகுதிகளைக் கணினி கோரும் வரிசையில் அன்றி, வாசகருக்கு எளிதில் விளங்கும் வரிசையில் எழுதலாம்.

டெக் மென்பொருள்

குனுத் 1977 இல் தொடங்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் பின்னர் வெப் அமைப்பில் புதிதாக எழுதப்பட்டது. அதன் முழு நிரலும் 1986 இல் நூலாக வெளிவந்தது. பயனர் கையேட்டையும் குனுத்தே எழுதினார். பத்தாண்டுகளில் டெக்கில் செய்த 850க்கும் மேற்பட்ட மாற்றங்களைப் பதிவுசெய்து, 15 வகைகளாகப் பிரித்து, 1989 இல் வெளியிட்டார். வடிவமைத்தல், நிரலாக்கல், பயன்படுத்துதல், கையேடு எழுதுதல் ஆகிய நான்கையும் ஒருவரே செய்திராவிடில் நூற்றுக்கணக்கான மேம்பாடுகள் தமக்குத் தோன்றியே இரா என அதில் குறிப்பிட்டார்.

விமர்சனம்

1986 இல் ஜோன் பென்ட்லியின் வேண்டுகோளுக்கு இணங்க, ஓர் உரையில் மிகுதியாக வரும் சொற்களைக் கண்டறியும் நிரலைக் குனுத் இம்முறையில் எழுதினார். அதனை மதிப்பிட்ட டக் மெக்கில்ராய், எழுதப்பட்ட விதத்தைப் பாராட்டினார். எனினும், யுனிக்சில் ஏற்கனவே உள்ள கருவிகளை இணைத்து ஆறு கட்டளைகளில் அதே பணியை முடிக்கலாம் எனக் காட்டினார். தெளிவான விளக்கம் நல்ல வடிவமைப்பை உறுதிசெய்யாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும். அதேவேளை, நிரல் படிக்கத்தக்கதாக இருந்தமையால் இத்தகைய ஆய்வு எளிதாயிற்று.

இம்முறையில் நிரலை மாற்றும்போதெல்லாம் விளக்கத்தையும் திருத்த வேண்டும். தவறினால் விளக்கமே வாசகரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும்.

பிற மொழிகள்

சி மொழிக்கான சிவெப், பல மொழிகளுக்குப் பொதுவான நோவெப் ஆகியன பின்னர் உருவாயின. ஹாஸ்கெல் மொழி இவ்வகைக் கோப்புகளை நேரடியாக ஏற்கிறது.