குடிகளை விரட்டிய தீவின் டொமைன்

டாட் ஐஓ (.io) என்ற இணைய டொமைன் பதிவானது 1997 செப்டம்பரில். அதன் கதை தொடங்குவதோ 1965 நவம்பரில். மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு முன்பாகவே, அதிலிருந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் தனியே பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று பெயர் சூட்டியது. உலகெங்கும் காலனிகள் கலைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒரு காலனி! அங்குள்ள பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் தேவைப்பட்டது.

அந்தத் தீவுகளில் மக்கள் இருந்தார்கள். தென்னந்தோப்புகளில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகவும், பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கொப்பரைதான் பிழைப்பு. 1968 முதல் 1973 வரை அவர்கள் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வைத்தியத்துக்கென்று மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பிவர விடவில்லை. டியேகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்களை அடைத்துவைத்து நச்சுப்புகையால் கொன்றார்கள். ஒரு டொமைனைப் பற்றிய கட்டுரையில் நாய்களுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். இந்த இரண்டெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவைதான்.

நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு தருவது ஐஎஸ்ஓ 3166 என்ற பட்டியல். இணையத்தின் ஆரம்ப நாட்களில் முகவரிப் பொறுப்பைக் கவனித்த ஜான் போஸ்டல், எது நாடு, எது நாடில்லை என்ற வழக்குக்குள் தலையிடாமல் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டார். சண்டையைத் தவிர்க்க நல்ல வழிதான். ஆனால், பட்டியலில் பெயர் இருந்தால் போதும், குடிமக்கள் இருக்கவேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. அப்படித்தான் இந்தப் பிரதேசத்தின் குறியீடான ஐஓவுக்கு இடம் கிடைத்தது. பதிவு உரிமை பால் கேன் என்பவர் நடத்திய நிறுவனத்துக்குப் போனது.

கணினிக்காரர்களுக்கு ஐஓ என்றால் உள்ளீடும் வெளியீடும். டாட் காமில் நல்ல பெயர்களெல்லாம் தீர்ந்துபோன நேரம் வேறு. புதிய மென்பொருள் நிறுவனங்கள் டாட் ஐஓவுக்குப் படையெடுத்தன. மென்பொருள் தளமான கிட்ஹப், பயனர்களின் பக்கங்களை இதன்கீழ் வைத்தது. அகார் டாட் ஐஓ என்ற விளையாட்டுக்குப் பிறகு ஒரு வகை விளையாட்டுக்கே ஐஓ கேம்ஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. 2017இல் பதிவு நிறுவனத்தை அஃபிலியாஸ் என்ற நிறுவனம் வாங்கிய விலை ஏறத்தாழ 7 கோடி டாலர். தீவுக்காரர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. துவாலு தன் டாட் டிவியாலும் அங்குவில்லா தன் டாட் ஏஐயாலும் அரசுக் கஜானாவை நிரப்பிக்கொள்கின்றன. சாகோஸ்காரர்களுக்கு அப்படி வாங்கிக்கொள்ள ஓர் அரசு இல்லை.

2021 அக்டோபரில் இந்தக் கதைக்குள் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். படகில் சென்ற இலங்கைத் தமிழ் அகதிகள் நடுக்கடலில் ஆபத்தில் சிக்கி, டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தவர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குள் பெரும்பாலானவர்கள் பிரிட்டனுக்கு அழைத்துச்செல்லப்பட்டுவிட்டார்கள்.

பிரிட்டன் இந்தத் தீவுகளை விட்டு வெளியேறவேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2019இலேயே கருத்துச் சொல்லியிருந்தது. இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே 22இல் கையெழுத்தானது. டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டனிடமே இருக்கும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து அந்தப் பிரதேசமே இல்லாமல் போனால், ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து ஐஓவை எடுக்கலாம். எடுத்துவிட்டால் டொமைனை முடித்துவைக்கும் வேலை தொடங்கும். அதற்கு விதிப்படி ஐந்தாண்டு அவகாசம் உண்டு, நீட்டித்தால் பத்து. தீவு மக்களுக்கு யாரும் இப்படி அவகாசம் கொடுக்கவில்லை. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ, அந்த நாடு இல்லாமல் போனபின், 2010இல் மூடப்பட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் டாட் எஸ்யூ உயிரோடிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பணம் புழங்கும் இடத்தில் விதி வளையும்.

ஏற்கெனவே டாட் ஐஓ வைத்திருப்பவர்கள் பதறி ஓடவேண்டாம். புதிதாக வாங்க நினைப்பவர் என்னிடம் யோசனை கேட்டால், நீண்டகாலம் நிற்கவேண்டிய தொழிலுக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.